இடது மூலை

நெகட்டிவோடு ஒரு சொல்லையும்
சேர்த்துக் கொடுத்தான் தெல்ஃபிம்:
தனிமை.
"அதுதான் படம், கிராசியெத்.
மற்றதெல்லாம் உன் வேலை."

மற்றதெல்லாம் என்றால்
மத்தோசின்யோஷ் துறைமுகத்துப் பின்தெருவில்
மத்தி அடைக்கும் ஆலைக்கு அடியில்
எட்டடிக்கு ஆறடி இருட்டு.
ஒரு சிவப்பு விளக்கு.
இருபது டிகிரியில் நிற்க மறுக்கும் டெவலப்பர்.
மேலே இயந்திரம் ஓடினால் என்லார்ஜர் நடுங்கும்.
ஆலைப் பெண்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்
நாற்பது நிமிஷம்தான்
எனக்கு வேலை நாள்.

ஒரு சமையலறை. மேசை. எர்மீனியா.
படகு திரும்பாத ஒன்பதாம் நாள்.
ஜன்னல் வெளிச்சம் அவள் கன்னத்தில் மட்டும்
செல்லாக்காசு போல ஒட்டியிருந்தது.

முதல் தாள் சாம்பல் கஞ்சி.
இரண்டாவது கரி.
மூன்றாவதுக்கு மெனக்கெட்டேன்.
கம்பி நுனியில் அட்டைத் துண்டைக் கட்டி
இடது மூலைக்கு மேல் ஆட்டி ஆட்டி
ஏழு வினாடி ஒளியை மறித்தேன்.
எதற்கு என்று கேட்டால்
எதற்கும் இல்லை.
நிழலுக்குள் ஏதாவது கிடந்தால்
தோண்டாமல் விடாது என் கை,
எலும்பு மோப்பம் பிடித்த நாய் அது.

தட்டில் தாள் மிதந்தது.
மேசை விளிம்பு வந்தது,
கன்னம், சுவரில் ஈரக் கறை,
கடைசியில்
யாரும் கேட்காத ஒரு கை.

உருளைக்கிழங்குத் தோல் சீவும் கை.
கத்தியிலிருந்து சுருண்டு தொங்கும் தோல்.
கட்டைவிரலில் சுற்றிய கந்தல் துணி.

"இதை நான் எடுக்கவில்லை" என்றான்.
"ஃபிலிம் எடுத்திருக்கிறது."
"ஃபிலிமுக்கு என்ன தெரியும்?
உனக்கும்தான் என்ன தெரியும்?
நூறு சாம்பல் தெரியும்.
அதில் எது துக்கம் என்று தெரியாது."

பதில் இருந்தது என்னிடம்.
அதற்குள் மேலே இயந்திரம் கிளம்பிவிட்டது.

மறுநாள் அவன் சொன்னபடியே செய்தேன்.
அட்டையில் ஓட்டை போட்டு
அந்த மூலைக்கு மட்டும்
நாற்பது வினாடி கூடுதல் ஒளி.
எங்கள் தொழிலில்
வெளிச்சம் ஊற்றித்தான் இருட்டைச் செய்யவேண்டும்.
கத்தி போனது. தோல் போனது. துணி போனது.
சொல்லாமல் இருக்க முடியவில்லை:
நல்ல படம்.
கறுப்பு மூன்று பக்கமும் அவளைச் சூழ்ந்தபோது
என் வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது.
கையைத் துடைக்க மறந்து நின்றேன்.

போர்ட்டோவில் கண்காட்சி.
கோட்டுப் போட்டவர்கள்
அந்தச் சட்டத்துக்கு முன்னால் குரலைத் தாழ்த்தினார்கள்.
எர்மீனியாவும் வந்தாள்,
மீன் வாடை போக
இரண்டு முறை சோப்புப் போட்ட கைகளோடு.
வெகுநேரம் பார்த்தாள்.

"ஒதீலியா எங்கே?"

யாரும் வாய் திறக்கவில்லை.

"என் நாத்தனார். ஒன்பது நாளும்
என்னோடுதான் இருந்தாள்.
அவளுக்கும் அண்ணன் இல்லையா?
இங்கேதான் உட்கார்ந்திருந்தாள், இங்கே."

கறுப்பின் மேல் விரலை வைத்தாள்.
கண்ணாடியில் ரேகை பதிந்தது.
தெல்ஃபிம் கைக்குட்டையை எடுத்தான்,
பிறகு பைக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை
மூன்றாவது தாளைச் செய்தித்தாளில் சுற்றி
அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
அதே மேசை. அடுப்பில் ஏதோ கொதித்தது.
கொஞ்சம் பெருமையோடுதான் பிரித்தேன்,
மறைப்பதற்கில்லை.

கையைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள்.
"அவள்தான்" என்றாள்,
"தோலைத் தடிமனாகத்தான் சீவுவாள், எத்தனை சொன்னாலும்."
அழவில்லை. படத்தை ஜாடிமேல் சாய்த்து வைத்து
எட்டி நின்று பார்த்தாள், பக்கத்தில் வந்து பார்த்தாள்.
பிறகு சுவரைக் காட்டினாள்.

"இந்த ஈரக் கறையை எடுக்க முடியாதா?
வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?"

முடியும் என்றேன்.
எத்தனை வினாடி என்று
கை ஏற்கெனவே எண்ணத் தொடங்கியிருந்தது.